கால்வாய்க்கு முகம் காட்டும் நகரும் முதுகு காட்டும் நகரும்

கொழும்பிலிருந்து ஐரோப்பாவுக்குக் குழுவாகச் சுற்றுலா போகும் குடும்பங்களின் நிகழ்ச்சிநிரலில், பாரிஸின் ஈபிள் கோபுரத்துக்கும் சுவிஸின் பனிமலைக்கும் நடுவே ஒரு மாலைப்பொழுது ஆம்ஸ்டர்டாமுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். பகல் முழுவதும் பஸ்ஸில் வந்த களைப்போடு, இந்திய உணவகம் ஒன்றில் சோறும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு, மத்திய ரயில் நிலையத்துக்கு எதிரே கண்ணாடிக் கூரை போட்ட படகில் ஏறுவார்கள். ஒரு மணிநேரம் கால்வாய்களைச் சுற்றிக் காட்டி, ஏறிய இடத்திலேயே இறக்கிவிடுவார்கள். ஜூன் மாதமென்றால் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். அம்மம்மாவிலிருந்து கைக்குழந்தை வரை எல்லாரும் ஓரிடத்தில் அமர்ந்து ஒன்றாகப் பார்க்கக் கிடைக்கும் பொழுது அந்தப் பயணம் முழுவதிலும் அதுதான் என்று போய்வந்தவர்கள் சொல்வார்கள். கால் வலிக்காது, படி ஏற வேண்டாம், வழி தவறவும் முடியாது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நாம் அந்த மாலையை வேறு நாட்டு அதிசயமாக மட்டும் பார்த்துவிட்டு வரக் கூடாது. கொழும்பும் கால்வாய் நகரம்தான். வெள்ளவத்தையின் வடக்கெல்லை வெள்ளவத்தைக் கால்வாய், தெற்கெல்லை தெஹிவளைக் கால்வாய், மேற்கே கடல். மூன்று பக்கம் நீர் சூழ்ந்த ஊரில் குடியிருந்துகொண்டு, கால்வாய் பார்க்க எண்ணாயிரம் கிலோமீற்றருக்கு மேல் போகிறோம். கொட்டாஞ்சேனைக்குத் தெற்கே சென் செபஸ்தியன் கால்வாய், வடக்கே களனி கங்கை, ஆற்றைத் தாண்டினால் ஹாமில்டன் கால்வாய். இந்த இரு நகரங்களின் நீர்வழிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது வீண் வேலை ஆகாது. இரண்டுக்கும் ஒரே ஒல்லாந்தர் தொடர்பு உண்டு. ஒரே நூற்றாண்டில் ஒரே கம்பனியின் பணமும் புழங்கியிருக்கிறது. அப்படியிருக்க, அங்கே கால்வாய் ஊரின் முகமாகவும் இங்கே கொல்லைப்புறமாகவும் ஆனது எப்படி என்பதே கேள்வி.

பிறப்பு

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1602இல் தொடங்கப்பட்டது. ஆம்ஸ்டர்டாமின் புகழ்பெற்ற கால்வாய் வளையத்தை வெட்டும் வேலை 1613இல் ஆரம்பமானது. ஹேரன்கிராக்ட், கைசர்ஸ்கிராக்ட், பிரின்சன்கிராக்ட் என்ற மூன்று பெரிய கால்வாய்கள் நகரின் பழைய மையத்தை அரைவட்டமாகச் சுற்றி வருகின்றன. இந்த வளையம் 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

1656 மே மாதத்தில் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பு ஒல்லாந்தர் கைக்குப் போனது. அந்த முற்றுகையில் உயிரிழந்த தளபதி ஹல்ஃப்டின் பெயரால்தான் இன்று நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைப் பகுதி ஆங்கிலத்தில் அழைக்கப்படுகிறது. அடுத்த பத்தாண்டில் ஆம்ஸ்டர்டாமின் கால்வாய் வளையம் ஆம்ஸ்டல் ஆற்றைத் தாண்டிக் கிழக்கே நீட்டப்பட்டது. ஹேரன்கிராக்டின் ஒரு வளைவில் பெருவணிகர்கள் மாளிகைகள் கட்டிய காலமும் அதுவே. அந்த வணிகர்களின் செல்வத்தில் இலங்கைக் கறுவாவுக்கும் பங்கு உண்டு. படகிலிருந்து அந்த வீடுகளை அண்ணாந்து பார்க்கும் கொழும்புக் குடும்பம் தன் சொந்த ஊரின் வரலாற்றில் ஒரு பகுதியையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. கறுவா உரித்தவர்களின் உழைப்பும், கொம்பனித்தெருவில் கம்பனி அடைத்து வைத்திருந்த அடிமைகளின் வாழ்வும் அந்த முகப்புகளுக்குப் பின்னால் இருக்கின்றன. அடிமை வணிகத்தில் தன் நகருக்கு இருந்த பங்குக்காக ஆம்ஸ்டர்டாம் மேயர் 2021 ஜூலை 1 அன்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

கொழும்பின் நீர்வழிகள் ஒரே காலத்தில் பிறந்தவை அல்ல. பேரே வாவி போர்த்துக்கேயர் காலத்தில் கோட்டையின் பாதுகாப்புக்காகத் தேக்கப்பட்டது. ஒல்லாந்தர் அதை விரித்தார்கள், கால்வாய்களோடு இணைத்தார்கள். களனியிலிருந்து நீர்கொழும்பு வரையும் அதற்கு அப்பால் புத்தளம் வரையும் சரக்குப் படகுகள் போகும் வழி உருவானது. ஆங்கிலேயர் 1796இல் வந்தபின், 1802க்கும் 1804க்கும் இடையில், களனிக்கு வடக்கே முத்துராஜவெல சதுப்பு வழியாக ஹாமில்டன் கால்வாயை வெட்டினார்கள். வெள்ளவத்தைக் கால்வாய் இன்னும் பிந்தியது. கோட்டேப் பக்கத்து வயல்களில் தேங்கும் வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோக 1870களில் சார்ல்ஸ் பீற்றர் லேயார்ட் வெட்டுவித்தது அது. அந்தக் கால வெள்ளைக்காரர்கள் அதை லேயார்டின் மடத்தனம் என்று கேலி செய்தார்கள். இன்று அந்தக் கால்வாய் இல்லையென்றால் கிருலப்பனையும் நாரஹேன்பிட்டியும் ஒவ்வொரு பருவமழைக்கும் என்ன ஆகும் என்பதை அங்கே குடியிருப்பவர்களிடம் கேட்க வேண்டும்.

இரண்டின் பிறப்பிலேயே ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்கள் தெருக்களாகத் திட்டமிடப்பட்டவை. நடுவில் நீர், இரு கரையிலும் கல் பதித்த வீதி, வீதியோரம் மரம், அதன்பின் அளந்து விற்கப்பட்ட காணித் துண்டுகள். கால்வாய் வெட்டும்போதே அதைப் பார்த்தபடி யார் குடியிருக்கப்போகிறார்கள் என்பதும் தீர்மானமாகிவிட்டது. கொழும்பின் நீர்வழிகளோ கோட்டைக்கு வெளியே அகழியாகவும், ஊருக்கு வெளியே சரக்குப் பாதையாகவும், வயலோரத்தில் வடிகாலாகவும் பிறந்தவை. ஊர் பிறகு வளர்ந்து அவற்றின் மேல் வந்து அமர்ந்தது. வந்தபோது வீதியைப் பார்த்து அமர்ந்தது, நீரைப் பார்க்கவில்லை.

முகமும் முதுகும்

ஆம்ஸ்டர்டாம் படகில் உட்கார்ந்திருக்கும்போது முதலில் கண்ணில் படுவது வீடுகளின் குறுகலும் உயரமும். ஒவ்வொரு வீட்டின் உச்சியிலும் ஒரு மரத் துலாவும் அதில் ஓர் இரும்புக் கொக்கியும் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே படிக்கட்டு ஒடுக்கமானது. ஆகவே கட்டில், அலுமாரி, அந்தக் காலத்தில் மிளகு மூட்டையும் கறுவாக் கட்டும், எல்லாமே கயிறு கட்டி வெளிப்பக்கமாகத்தான் ஏற்றப்பட்டன. ஏற்றும் பொருள் சுவரில் உரசாதிருக்க முகப்பையே சற்று முன்னால் சாய்த்துக் கட்டினார்கள். படகில் வந்த சரக்கு கால்வாயிலிருந்து நேரே மேல்மாடிக்குப் போனது. நீர் பக்கமே வாசல். நீர் பக்கமே சன்னல். நீர் பக்கமே வீட்டுக்காரரின் கௌரவம். வாசலில் ஓடும் நீரில் வீட்டுக் குப்பையைக் கொட்டினால் முதலில் முகம் சுளிக்க வேண்டியவர் அந்த வீட்டுக்காரர்.

பம்பலப்பிட்டியிலிருந்து காலி வீதியால் தெற்கே வந்தால், கால்வாய்ப் பாலத்தைத் தாண்டியதும் சவோய் திரையரங்கு, பிறகு வெள்ளவத்தை. அந்தப் பாலத்தை ஒரு நாளில் எத்தனை ஆயிரம் பேர் கடக்கிறார்கள்! பஸ்ஸில் சன்னலோரம் இருப்பவர்கூடத் தலை திருப்பிக் கீழே பார்ப்பது அரிது. பார்த்தால் என்ன தெரியும்? கட்டடங்களின் பின்சுவர்கள். குளியலறைச் சன்னல்கள், குளிர்சாதனப் பெட்டிகளின் வெளிப்புறங்கள், மழைநீரும் கழுவிய நீரும் இறங்கும் பீலிகள். இலட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் மாடிவீடுகளின் விளம்பரங்களில் கடல் தெரியும் என்று எழுதியிருக்கும். கால்வாய் தெரியும் என்று யாரும் எழுதுவதில்லை. வெள்ளவத்தையில் நெசவு ஆலை இருந்த காலத்திலும் அப்படித்தான். ஆலையின் இடத்தில் ஹெவ்லொக் சிட்டியின் கோபுரங்கள் எழுந்த பின்னும் கால்வாயின் பெரும்பகுதி பின்பக்கமாகவே கிடக்கிறது.

இதைச் சொல்லும்போது ஐரோப்பியருக்கு இயல்பாகவே சுத்தம் தெரியும், நமக்குத் தெரியாது என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. ஆம்ஸ்டர்டாமின் வரலாறு அந்த முடிவுக்கு இடம் தரவில்லை. பிரின்சன்கிராக்டுக்கு மேற்கே யோர்டான் என்ற பகுதி. கால்வாய் வளையத்தோடு சேர்ந்தே அதுவும் கட்டப்பட்டது. ஆனால் அங்கே குடியேறியவர்கள் தொழிலாளர்கள், கைவினைஞர்கள், புலம்பெயர்ந்து வந்த ஏழைகள். அங்கேயும் கால்வாய்கள் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் அவை தாங்க முடியாதபடி நாறியபோது, நகராட்சி பலவற்றை மண்போட்டு மூடி வீதியாக்கிவிட்டது. ரோசன்கிராக்ட் 1889இல் மூடப்பட்டது, எலான்ட்ஸ்கிராக்ட் 1891இல். இன்று அவற்றின் பெயரில் மட்டும்தான் நீர் இருக்கிறது. அதே காலத்தில் அதே நாற்றம் பணக்காரர்களின் ஹேரன்கிராக்டிலும் இருந்தது. அது மூடப்படவில்லை. ஒரு கால்வாய் பிழைப்பதும் சாவதும் அதன் கரையில் வாழ்பவர்களின் குரலுக்கு நகரமண்டபத்தில் எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கொழும்பிலும் கால்வாய்க் கரைகள் ஏழைகளுக்கே விடப்பட்டன. வசதி படைத்தவர்கள் கறுவாத் தோட்டத்துக்கும் கடற்கரைக்கும் போனார்கள். வேலை தேடி நகருக்கு வந்தவர்கள், ஆலைத் தொழிலாளர்கள், துறைமுகத்தில் சுமை தூக்கியவர்கள், தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களுமாகக் கரையோரத்தில் பலகையும் தகரமும் வைத்து வீடு கட்டினார்கள். அவர்களுக்குக் கழிவுக் குழாய் வரவில்லை. குப்பை வண்டியும் ஒழுங்காக வரவில்லை. கால்வாய் அசுத்தமானதற்குப் பழி மட்டும் அவர்கள் மேல் வந்தது. அவர்களுடைய அசுத்தத்தைப் போல, மதில் கட்டி மறைத்துக்கொண்டு பின்பக்கக் குழாயால் இறக்கும் பெரிய கட்டடங்களின் அசுத்தம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

நாற்றத்தின் கதை

எங்கள் குடும்பத்தோடு அந்தப் படகில் வந்த பெரியம்மா, பாதி வழியில் ஒரு கேள்வி கேட்டார். ரெகுலியர்ஸ்கிராக்டின் முனையில் படகை மெதுவாக்கி, ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் ஏழு வளைவுப் பாலங்களைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பாலங்களின் ஓரமெல்லாம் விளக்கு ஏற்றத் தொடங்கியிருந்தது. பிள்ளைகள் கைப்பேசியும் கையுமாக எழுந்துவிட்டார்கள். பெரியம்மா மட்டும் பாலத்தைப் பார்க்காமல், படகோரம் குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் திரும்பி, "ஏன் தம்பி, இந்தத் தண்ணி மணக்கேல்லையே? எங்கட கனால் பக்கம் மூக்கைப் பொத்தாமல் நிக்கேலாதே. இவங்கள் இதுக்குள்ள என்னத்தைப் போடுறாங்கள்?" என்றார்.

இரு நகரங்களையும் ஒப்பிடுவதற்கு இதைவிடச் சரியான கேள்வி வேறில்லை. விடை, உள்ளே எதைப் போடுகிறார்கள் என்பதில் இல்லை. எதைப் போடாமல் நிறுத்தினார்கள் என்பதில் இருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பெரியம்மா அங்கே போயிருந்தால் அங்கும் மூக்கைப் பொத்தியிருப்பார். வீடுகளின் மலசலம் நேரே கால்வாயில் விழுந்தது. கோடையில் நீர் அசையாமல் கிடந்து நுரைத்தது. வசதி உள்ளவர்கள் வெயில் காலத்தில் நகரை விட்டு ஓடிப்போய் நாட்டுப்புற மாளிகைகளில் தங்கினார்கள். கொலராவும் வந்தது. அதன்பின் இரண்டு வேலைகள் நடந்தன. ஒன்று, நீரை ஓட வைத்தது. நகரின் கிழக்கே நீரேற்று நிலையம் அமைத்து, மதகுகளை இரவில் அடைத்துத் திறந்து, உட்கடல் நீரை உள்ளே விட்டுக் கால்வாய்களை அலசி, பழைய நீரை மேற்கே கடலுக்கு வெளியேற்றும் முறை வந்தது. 1932இல் பெரிய அணைக்கட்டு கட்டிமுடிந்து உட்கடல் ஏரியாக மாறியபின் அந்த நீர் உப்பற்றதாகவும் ஆயிற்று. அந்த அலசல் பின்னரும் தொடர்ந்தது.

மற்றது கழிவுக் குழாய். அதுதான் நீண்டநாள் எடுத்தது. கால்வாய் வளையத்தின் எல்லா வீடுகளும் கழிவுக் குழாயில் இணைய 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஆயிற்று. கால்வாய்களில் நிற்கும் சுமார் 2,500 படகு வீடுகள் இணைக்கப்பட்டது இந்த நூற்றாண்டில்தான். 2012 செப்டெம்பரில், பின்னர் அரசியான இளவரசி மாக்சிமா, ஆயிரம் பேருக்கு மேற்பட்டோரோடு சேர்ந்து அந்தக் கால்வாயில் நீந்தினார். நாறிய நீர் நீந்தும் நீராக நூறு ஆண்டுக்கு மேல் எடுத்திருக்கிறது. இடையில் அதை இழந்துவிடும் ஆபத்தும் வந்தது. 1954இல் வாகன நெரிசலுக்குத் தீர்வாகப் பல கால்வாய்களை மூடிவிடலாம் என்று நகரின் பொலிஸ் தலைமை அதிகாரியே முன்மொழிந்தார். மக்கள் எதிர்த்து நின்றதால் அது நடக்கவில்லை.

கொழும்பில் கழிவுக் குழாய் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆசியாவின் பல நகரங்களுக்கு முந்தியே வந்தது என்பதில் நாம் பெருமைப்படலாம். வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் நீண்ட குழாய்கள் அந்தக் கழிவைக் கடலுக்குள் கொண்டுபோய் விட்டன. ஆனால் நகரம் குழாயைவிட வேகமாக வளர்ந்தது. இரண்டு குடும்பம் இருந்த காணியில் நாற்பது குடும்பம் ஏறின. மழைநீருக்கென்று போட்ட வடிகாலில் சமையலறை நீரும் குளியலறை நீரும் சில இடங்களில் அதற்கு மேலானவையும் கலந்தன. மழைநீர் வடிகால் எங்கே போகும்? கால்வாய்க்குத்தான். பெரியம்மாவின் மூக்குக்கு எட்டும் மணம் இந்தக் கள்ள இணைப்புகளின் மணம்.

மழையும் கடலும்

ஒப்பிடும்போது கொழும்புக்கு நியாயம் செய்ய வேண்டிய இடம் இது. ஆம்ஸ்டர்டாமில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 850 மில்லிமீற்றர். கொழும்பில் 2,300 மில்லிமீற்றருக்கு மேல். 2010 நவம்பர் 10ஆம் திகதி இரவு தொடங்கி மறுநாள் காலை வரை கொழும்பில் பெய்தது 400 மில்லிமீற்றருக்கும் அதிகம். ஆம்ஸ்டர்டாமின் அரையாண்டு மழை ஒரே இரவில் கொட்டியது. தியவன்னா ஓயாவின் நடுவே நிற்கும் பாராளுமன்றக் கட்டடத்துக்குள்ளும் வெள்ளம் புகுந்தது.

ஆம்ஸ்டர்டாமின் கால்வாய் நீர்மட்டம் அந்நாட்டின் அளவுகோலுக்கு 40 சென்டிமீற்றர் கீழே, ஆண்டு முழுவதும் அசையாமல் வைக்கப்படுகிறது. அது அழகுக்காக மட்டும் செய்யப்படுவதல்ல. நகரமே சதுப்பில் அடித்த மரத்தூண்களின் மேல் நிற்கிறது. டாம் சதுக்கத்து அரண்மனைக்குக் கீழே மட்டும் 13,659 தூண்கள். நீர் இறங்கினால் மரத்துக்குக் காற்றுப் பட்டு உளுத்துவிடும். ஏறினால் நிலவறைகள் மூழ்கும். அதனால் நீர்மட்டத்தைக் காப்பது அங்கே ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் தன் வீட்டைக் காப்பதுதான். அங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்லிவிட முடியாது. 2020 செப்டெம்பரில் கிரிம்பர்க்வால் கரைச்சுவர் ஒன்று திடீரெனச் சரிந்து கால்வாய்க்குள் விழுந்தது. நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் கரைச்சுவரில் எத்தனை பகுதி பழுதாகிக் கிடக்கிறது என்று நகரம் இப்போது கவலையோடு எண்ணிக்கொண்டிருக்கிறது.

கொழும்பின் கால்வாய் மட்டம் அசையாமல் இருக்க முடியாது. வறண்ட நாளில் அது முழங்காலளவு, மழை இரவில் மதிலைத் தொடும். கடல்வாயில் அலை கொண்டுவந்து போடும் மணல்திட்டு வழியை அடைத்துக்கொள்ளும். வெள்ளவத்தையில் ரயில் பாலத்தருகே ஒரு மாலை நின்றால் இது கண்ணெதிரே தெரியும். பாணந்துறை ரயில் தலைக்கு மேல் கடகடத்துப் போகும். கீழே கறுத்த நீர் மணல்திட்டின் ஒரு மூலையில் ஒரு பாகம் அகல வழி கண்டுபிடித்துக் கடலில் சேரும். திட்டின் மேல் போத்தல்களும் ரெஜிபோம் துண்டுகளும் ஒதுங்கிக் கிடக்க, அவற்றுக்கு நடுவே வெள்ளைக் கொக்குகள் மீன் பார்த்து நிற்கும். மழைக்கு முன் இயந்திரம் வந்து திட்டை வெட்டிவிட வேண்டும். பிந்தினால் உள்ளே கிருலப்பனையில் வீடுகளுக்குள் தண்ணீர் நிற்கும். அசையாத மட்டத்தில் நிற்கும் ஆம்ஸ்டர்டாம் நீரைவிட இது எத்தனையோ மடங்கு கடினமான வேலை செய்கிறது. அந்த மரியாதையை நாம் அதற்குக் கொடுப்பதில்லை.

யார் பொறுப்பு

ஒல்லாந்தில் நீருக்கென்றே தேர்ந்தெடுக்கப்படும் சபைகள் இருக்கின்றன. மத்தியகாலத்திலிருந்து தொடர்பவை அவை. தாமே வரி விதிக்கும், தேர்தல் நடத்தும். ஆம்ஸ்டர்டாமில் குடிநீர், கழிவுநீர், கால்வாய் மூன்றையும் ஒரே அமைப்பு ஒன்றாகப் பார்க்கிறது. அங்குள்ளவர்கள் குப்பை போடுவதே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஆண்டுதோறும் அந்தக் கால்வாய்களின் அடியிலிருந்து 12,000க்கும் மேற்பட்ட சைக்கிள்களை வாரியெடுக்கிறார்கள். வீசுகிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். எடுப்பதற்கென்று இரும்புக் கை பூட்டிய படகு ஒன்று நாள்தோறும் வேலைக்கு வருகிறது என்பதே வித்தியாசம்.

கொழும்பில் பெரிய கால்வாய்கள் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் கையில். தெருவோர வடிகால்கள் மாநகரசபையின் கையில். நிலப் பயன்பாடு நகர அபிவிருத்தி அதிகாரசபையின் கையில். கடற்கரை இன்னொரு திணைக்களத்தின் கையில். குறைகூறவே இதைச் சொல்லவில்லை. 1990களில் யப்பானியக் கடனுதவியோடு கால்வாய்கள் ஆழப்படுத்தப்பட்டுக் கரைகள் கட்டப்பட்டன. 2010 வெள்ளத்தின் பின் உலக வங்கியின் கடனோடு அடுத்த பெரிய வேலை நடந்தது. முகத்துவாரத்தில் வெள்ளத்தைக் கடலுக்கு விடப் புதிய சுரங்க வடிகால் வெட்டப்பட்டதும் அதில் அடங்கும். 2020இல் தெஹிவளைக் கால்வாயின் குறுக்கே மிதக்கும் குப்பைத் தடுப்பு ஒன்று பூட்டப்பட்டது. இத்தனையும் திட்டங்கள். திட்டத்துக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. நாள்தோறும் வரும் படகுக்கு முடிவு இல்லை. நமக்கு இல்லாமற் போனது அந்த அன்றாடம்.

இங்குள்ள மாலைப் படகு

கொழும்பில் மாலைப் படகு இல்லையா? இருக்கிறது. பேரே வாவியில் அன்னப்பறவை வடிவில் மிதி படகுகள் மிதக்கின்றன. 2018இல் யூனியன் பிளேசிலிருந்து கோட்டைப் பக்கத்துக்கு வாவி வழியே பயணிகள் படகுச் சேவை தொடங்கப்பட்டது. வெள்ளவத்தையிலிருந்து பத்தரமுல்லை வரை கால்வாயில் படகு விடும் எண்ணமும் பலமுறை எழுந்தது. நெரிசல் நேரத்தில் ஹைலெவல் வீதியில் நின்று அவதிப்பட்டவர்கள் அதை வரவேற்றார்கள். பயணிகள் சேவை எதுவும் ஊன்றி நிற்கவில்லை. தாழ்ந்த பாலங்கள், படகின் காற்றாடியில் சிக்கும் நீர்ச்செடி, மணம் என்று காரணங்கள் சொல்லலாம். ஆம்ஸ்டர்டாமிலும் பாலங்கள் தாழ்வுதான். அதனால்தான் அங்குள்ள படகுகளே தாழ்வாக, கூரை தட்டையாகச் செய்யப்பட்டிருக்கின்றன.

கொட்டாஞ்சேனையிலிருந்து புறப்பட்டு, களனிப் பாலம் தாண்டி, வத்தளை, ஹெந்தளை வழியே போனால் ஹாமில்டன் கால்வாயும் முத்துராஜவெலவும் வந்துவிடும். அந்தச் சதுப்பின் வடபகுதி 1996இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கண்ணாடிக் கூரை இல்லாத சிறிய படகில் ஏற்றிப் போவார்கள். இருபுறமும் கண்டல் மரங்கள். அவற்றின் வேர்களுக்கிடையே கபரகொய்யா அசையாமல் படுத்திருக்கும். நீர்க்காகங்கள் சிறகு விரித்துக் காயும். மீன்கொத்தி நீலக்கோடாகக் குறுக்கே பாயும். வலை வீசிவிட்டு வரும் மீனவர் எதிர்ப்படுவார். ஆம்ஸ்டர்டாம் முழுவதையும் சுற்றினாலும் இந்தக் காட்சி கிடைக்காது. நகரின் நடுவிலும் இந்த வளம் முற்றாக அழிந்துவிடவில்லை. கொழும்பின் கால்வாய்களில் முதலை உண்டு, கரையோரப் புதர்களில் மீன்பிடிப் பூனை உண்டு. தன் சதுப்புகளுக்காக 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற சான்றைப் பெற்ற முதல் 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று.

அந்தச் சான்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பிள்ளைகளுக்கு ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்ப் பெயர்களைச் சொல்லிக் கொடுக்கிறோம். தம் வீட்டுக்குப் பின்னால் ஓடும் நீர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லிக் கொடுப்பதில்லை.

எதை எடுத்துக்கொள்வது

இரண்டையும் அருகருகே வைத்தபின், ஆம்ஸ்டர்டாமை இங்கே நகலெடுக்க வேண்டியதில்லை என்பது தெளிவாகிறது. அசையாத நீர்மட்டம் நம் மழைக்குப் பொருந்தாது. இரு கரையையும் கல்லாலும் கொங்கிறீட்டாலும் கட்டி, கோப்பிக்கடைகளும் வண்ண விளக்குகளும் வைத்தால் படம் அழகாக வரும். மழை இரவில் நீர் போக இடமிருக்காது, கொக்குக்கு நிற்க இடமிருக்காது. கரையில் இருப்பவர்களை எங்கோ மாடிக்கட்டடங்களுக்கு அள்ளி அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் வசதியானவர்களுக்கு நடைபாதை போடுவதும் யோர்டானில் நடந்த தவறைத்தான் மறுபடி செய்வதாகும்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, மழைநீர் வடிகாலில் கலக்கும் ஒவ்வொரு கழிவுக் குழாயையும் கண்டுபிடித்து உரிய குழாயில் சேர்ப்பது. மண்ணுக்கடியில் நடக்கும் இந்த வேலைக்குத் திறப்பு விழா இருக்காது, நாடா வெட்ட யாரும் வரமாட்டார்கள். பெரியம்மாவின் கேள்விக்கு விடை அதுதான். இரண்டாவது, திட்டத்துக்குப் பதிலாக அன்றாடம். ஒவ்வொரு நாளும் வரும் ஒரு துப்புரவுப் படகும், அதன் சம்பளத்துக்கு நிரந்தரமான ஒரு வரியும் வேண்டும். மூன்றாவது, முகம் திருப்புவது. புதிதாக எழும் ஒவ்வொரு கட்டடமும் கால்வாய்ப் பக்கம் ஒரு வாசலும் நடக்க ஒரு பாதையும் விட வேண்டும் என்ற விதி. ஏற்கனவே கரையில் வாழ்பவர்களுக்கு அதே கரையில், குழாயும் உறுதியும் உள்ள வீடு.

முதல் இரண்டுக்கும் அரசும் மாநகரசபையும் வேண்டும். மூன்றாவது நம் கையிலும் இருக்கிறது. வெள்ளவத்தையில் மாடிவீடு வாங்குவோர் பெரும்பாலும் நாமே. வீட்டுச் சங்கக் கூட்டங்களில் வாகனத் தரிப்பிடத்துக்கும் லிப்ட்டுக்கும் மணிக்கணக்காக வாதாடுகிறோம். நம் கட்டடத்தின் கழிவுநீர் எங்கே போகிறது என்று அங்கே ஒருவர் எழுந்து கேட்டால் போதும், அதற்கு முகாமைக் குழு பதில் சொல்லியே ஆக வேண்டும். ஐரோப்பாவுக்குப் போய்வர ஒரு குடும்பம் செலவழிக்கும் பணமும், அதற்காக விசா வரிசையில் காட்டும் பொறுமையும் சிறியவை அல்ல. அந்தப் பயணத்தில் நாம் கண்டு மகிழ்ந்தது கால்வாயை ஊரின் சொத்தாக நடத்தும் ஒரு பழக்கத்தை. அந்தப் பழக்கத்தை ஒல்லாந்தர் நூறாண்டு நாற்றத்துக்குப் பின், தம் தவறுகளுக்குப் பின், ஒவ்வொரு வீடாகக் கற்றுக்கொண்டார்கள். நாமும் கற்றுக்கொள்ள முடியும். நம் கட்டடத்துக் குழாயிலிருந்து தொடங்கலாம்.